.44 மேக்னம் ரிவால்வருக்கு மென்மையான இலக்குத் தோட்டா: ரீலோடிங் பழகத் தொடங்குவோருக்கு

.44 மேக்னம் ரிவால்வரை வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்திலேயே அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1955-இல் அறிமுகமான இந்தத் தோட்டாவின் முழு அழுத்தத்திற்குச் சதுர அங்குலத்திற்கு 36,000 பவுண்டு என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 240 கிரெயின், அதாவது ஏறக்குறைய பதினைந்தரை கிராம் எடையுள்ள குண்டை அது நொடிக்கு 1,200 அடிக்கும் மேலான வேகத்தில் தள்ளுகிறது. ஒரு பெட்டி சுட்டு முடிப்பதற்குள் கை அந்த உதைப்பை எதிர்பார்க்கப் பழகிவிடுகிறது. விசை விழும் கணத்திலேயே கண் மூடுகிறது, குழல்வாய் தாழ்கிறது, குண்டு இலக்கின் அடியில் போய் விழுகிறது. அந்தப் பழக்கம் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் அதைப் போக்க மாதக் கணக்கில் ஆகும்.

அதே ரிவால்வரில் அதே எடைக் குண்டை நொடிக்கு 750 முதல் 850 அடி வேகத்தில் அனுப்பினால், 25 கஜத் தொலைவில் காகித இலக்கைச் சுடுவதற்கு அது தாராளமாகப் போதும். மாலை முழுவதும் சுட்டாலும் மணிக்கட்டு வலிக்காது. அப்படிப்பட்ட மென்மையான தோட்டாவைக் கடையில் தேடிப் பிடிப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே பெரிய ரிவால்வரை விரும்பிச் சுடுகிறவர்கள் பெரும்பாலும் சுட்ட பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்துத் தாங்களே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். இதைத்தான் ரீலோடிங் என்கிறோம்.

இதற்குள் இறங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: மென்மையான தோட்டா சுடும்போது எளிது, தயாரிக்கும்போதோ முழு வலுத் தோட்டாவைவிட ஆபத்தானது. மேக்னம் உறை பெரியது, இலக்குத் தோட்டாவிற்கு வேண்டிய வெடிமருந்து (இனி மருந்து என்றே சொல்கிறேன்) கொஞ்சம். உறையின் அடியில் அது சிறு படிவாகக் கிடக்க, மேலே வெற்றிடம் நிறைய இருக்கும். முழு வலு மருந்தை ஒரே உறையில் இரண்டு முறை கொட்டினால் பெரும்பாலும் அது வழிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். விரைவாக எரியும் மருந்தின் சிறு அளவை இரண்டு முறை, சில மருந்துகளில் மூன்று முறை கொட்டினாலும் உறைக்குள் அடங்கிவிடும், மேலே குண்டும் ஒழுங்காக உட்கார்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது, சுடும்போதுதான் தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையான சிலிண்டர் பிளக்கும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்த வெற்றிடத்தைக் கண்காணிப்பதற்காகவே இருக்கிறது.

சட்டம்

இந்தக் கட்டுரை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம், ஆகவே அங்கிருந்து படிப்பவர்கள் இதைச் செய்து பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்திற்குத் தோட்டா நிரப்பக் கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்காகச் செய்தால் உரிமம் வேண்டும். மாநிலங்களும் நகரங்களும் தனித்தனி விதிகள் வைத்திருப்பதால் உங்கள் ஊரின் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. சட்டத்தின் பார்வையில் தோட்டா என்பது வெற்று உறை, பிரைமர் (உறையின் அடியில் அமர்ந்து, அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணம்), குண்டு, மருந்து ஆகிய உதிரிகளையும் சேர்த்துத்தான். கிரீன் கார்டு வாங்கியவர்களுக்கு இந்தத் தடை இல்லை. உங்கள் நிலை எது என்பதில் சிறிதளவு ஐயம் இருந்தாலும், ஒரு பிரைமர் பெட்டியை வாங்குவதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

மருந்தும் குண்டும்

எந்த மருந்தில் எத்தனை கிரெயின் போட வேண்டும் என்ற எண்ணை இந்தக் கட்டுரையில் எங்கும் தரப்போவதில்லை. அந்த எண் மருந்து தயாரிப்பாளர் இப்போது வெளியிட்டிருக்கும் அட்டவணையிலிருந்துதான் வர வேண்டும். நண்பர் சொன்னது, எங்கோ எழுதியிருந்தது, தாத்தா காலத்துக் கையேட்டில் இருந்தது எதுவும் அதற்கு ஈடாகாது. அட்டவணையில் உங்கள் உறை, உங்கள் குண்டின் எடை, அது வெறும் ஈயமா செம்புறை போட்டதா என்பவை எல்லாம் பொருந்தும் வரியைக் கண்டுபிடித்து, அதில் தொடக்க அளவாகக் கொடுத்திருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கும் கீழே இறங்காதீர்கள். மருந்தைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று புதியவர்கள் எண்ணுவது இயல்பு, ஆனால் அது தவறு. அளவுக்கு மீறிக் குறைத்தால் குண்டு குழலைத் தாண்டாமல் உள்ளேயே நின்றுவிடும். எச்-110, வின்செஸ்டர் 296 போன்ற மெதுவாக எரியும் மேக்னம் மருந்துகளை மென்மையான தோட்டாவிற்காகக் குறைக்கவே கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார்.

விரைவாக எரியும் மருந்துகளில் 1898 முதல் விற்பனையில் இருக்கும் புல்ஸ்ஐ புகழ்பெற்றது. சிக்கனமும் துல்லியமும் அதற்கு உண்டு. ஆனால் மேக்னம் உறையில் அது இருக்கும் இடம் தெரியாமல் கிடக்கும், ஆகவே முதல் மருந்தாக அதை நான் யாருக்கும் சொல்வதில்லை. புதியவருக்கு உகந்தது உறையை நிறைக்கும் பருமனான மருந்து. சிறு வளையங்களைப் போன்ற துகள்களைக் கொண்ட டிரெயில் பாஸ் இதற்காகவே செய்யப்பட்டது, ஆனால் அண்மை ஆண்டுகளில் அது கடைகளில் அரிதாகிவிட்டது. அது கிடைக்காத இடத்தில் யூனிக் போன்ற, தட்டையான துகள்கள் பரந்து நிற்கும் மருந்து இரண்டாவது தேர்வு. கடைக்காரரிடம் கேட்கும்போது வேகத்தையோ விலையையோ கேட்காமல், உறையில் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கேளுங்கள்.

குண்டு ஈயமாக இருக்கட்டும். செம்புறை போட்ட குண்டு குழலில் அதிகம் உராய்வதால் குறைந்த அழுத்தத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயம் கூடுதல். மிகக் கடினமான ஈயக் கலவை தேவையில்லை. மென்மையான தோட்டாவில் கடினக் குண்டு விரிந்து குழலின் உட்புறச் சுருள் பள்ளங்களை அடைக்காமல், ஓரமாக வாயு கசிந்து, குழலில் ஈயப் படலம் பிடிக்கும். குண்டின் விட்டம் பொதுவாக 0.429 அல்லது 0.430 அங்குலம். சிலிண்டர் அறையின் முன்வாயில் குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாக அழுத்தினால் நுழைந்து வெளியேற வேண்டும். தானாக விழுந்துவிட்டால் அந்தக் குண்டு உங்கள் ரிவால்வருக்குச் சிறியது.

மேக்னத்திற்கு முன்பே இருந்த, அதே விட்டமுள்ள .44 ஸ்பெஷல் உறையா, மேக்னம் உறையா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். ஸ்பெஷல் உறை மேக்னத்தைவிட எட்டில் ஒரு பங்கு அங்குலம் குட்டையானது, மேக்னம் ரிவால்வரில் தாராளமாகப் பொருந்தும். உள்ளே வெற்றிடமும் குறைவு. ஆனால் குட்டை உறைகளையே சுட்டுக்கொண்டிருந்தால் அறைக்குள் அதன் வாய் முடியும் இடத்தில் கரி வளையமாகப் படிந்து, பிறகு மேக்னம் தோட்டாவைப் போடும்போது அது சிக்கிக்கொள்ளும். அறைகளைச் சுடும்தோறும் தேய்த்துக் கழுவும் பொறுமை இருந்தால் ஸ்பெஷல் உறை நல்லது. எனக்குப் பருமனான மருந்தோடு மேக்னம் உறையே ஒத்துவருகிறது.

மேசை

தொடக்கத்திற்கு ஒரே ஒரு டை, அதாவது உறையை ஏற்றி வேலை செய்யும் எஃகு அச்சு, பொருத்தும் சாதாரண பிரஸ் (நெம்புகோலால் அழுத்தும் கருவி) போதும். நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் ஐந்து வேலை நடக்கும் இயந்திரங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். .44-க்கான, கடினமான கார்பைட் வளையம் வைத்த மூன்று டை கொண்ட தொகுதி, உறையின் அடியைப் பிடித்துக்கொள்ளும் ஷெல் ஹோல்டர், தராசு, தராசைச் சரிபார்க்கும் எடைக்கற்கள், மருந்து அளந்து கொட்டும் கருவி, 50 குழிகள் கொண்ட பலகை, நீளத்தை நுட்பமாக அளக்கும் காலிப்பர், கையில் பிடித்துப் பிரைமர் அழுத்தும் கருவி, நல்ல மேசை விளக்கு ஆகியவை வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும் முகத்தில் இருக்க வேண்டும்.

மேசையின் மீது ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துக் குப்பிதான் இருக்கலாம். வேலை முடிந்ததும் கருவியில் மிஞ்சியதை அதே குப்பியில் கொட்டி மூடிவிடுங்கள். பெயர் தெரியாத மருந்து மறுநாள் கருவிக்குள் கிடந்தால் அதைப் பயன்படுத்தாதீர்கள், அப்புறப்படுத்துங்கள். மருந்தையும் பிரைமரையும் அவை வந்த பொதியிலேயே, குழந்தைகளின் கைக்கு எட்டாத, சூடேறாத இடத்தில் வையுங்கள். பிரைமர்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஒன்றாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்கும்போது அனைத்தும் வெடிக்கும்.

ஈயத்தைப் பற்றியும் அக்கறை வேண்டும். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது, உறைகளை உலர்ந்த முறையில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது எழும் தூசியில் அது கலந்து வரும். நான் உறைகளைத் தண்ணீரில் எஃகு ஊசிகளோடு உருட்டிக் கழுவி, முழுவதும் காயவிட்டுத்தான் எடுக்கிறேன். மேசையில் தேநீரோ முறுக்கோ கூடாது. எழுந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள்.

நிரப்பும் வரிசை

முதலில் ஒவ்வோர் உறையையும் விரலில் சுற்றிப் பாருங்கள். வாயில் கீறல் இருந்தால் அதை நசுக்கிப் போட்டுவிடுங்கள். நல்ல உறைகளை முதல் டைக்குள் ஏற்றினால் அது விரிந்த உறையைப் பழைய அளவிற்குச் சுருக்கி, பழைய பிரைமரையும் தள்ளிவிடும். கார்பைட் டைக்கு எண்ணெய் தேவையில்லை, ஆனால் அதன் வளையம் ஷெல் ஹோல்டர் மீது மோதினால் விரிசல் விடக்கூடும், ஆகவே இடையில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் பொருத்துங்கள்.

இரண்டாவது டை உறையின் வாயை மணியின் வாய் போல லேசாக விரிக்கிறது. ஈயக் குண்டின் அடிப்பகுதி சீவப்படாமல் நுழைவதற்கு மட்டுமே இந்த விரிவு. விளிம்பில் நகத்தை ஓட்டினால் தட்டுப்பட வேண்டும், அவ்வளவு போதும். தாராளமாக விரித்தால் நாலைந்து முறை நிரப்புவதற்குள் வாய் பிளந்துவிடும்.

அடுத்து லார்ஜ் பிஸ்டல் வகைப் பிரைமர். விரைவாக எரியும் மருந்துகளுக்கு மேக்னம் பிரைமர் தேவையில்லை, அட்டவணை எதைக் குறிப்பிடுகிறதோ அதையே போடுங்கள். அழுத்திய பிறகு உறையின் அடியில் விரலைத் தடவினால் பிரைமர் மட்டத்திற்குச் சற்றே கீழே இருப்பது தெரிய வேண்டும். மேலே துருத்தி நின்றால் சிலிண்டர் சுழலாமல் உரசும். நுழைய மறுக்கும் பிரைமரை வலுக்கட்டாயமாக அழுத்தாதீர்கள்.

இனி மருந்து. பிரைமர் போட்ட 50 உறைகளையும் பலகையில் தலைகீழாக, வாய் கீழே இருக்கும்படி நிறுத்திக்கொள்ளுங்கள். எடைக்கல் வைத்துத் தராசைச் சரிபாருங்கள். அளவுக் கருவியிலிருந்து முதல் பத்து முறை கொட்டுவதைக் குப்பியிலேயே திருப்பிவிடுங்கள், அதற்குள் துகள்கள் படிந்து அளவு நிலைபெற்றுவிடும். பிறகு ஓர் உறையை எடுத்து, நிமிர்த்தி, மருந்து கொட்டி, நிமிர்ந்த நிலையிலேயே பலகையில் வையுங்கள். தலைகீழாக நிற்பதில் மருந்து இல்லை, நிமிர்ந்து நிற்பதில் இருக்கிறது என்பதைக் கண்ணே சொல்லிவிடும். ஒவ்வொரு பத்தாவது அளவையும் தராசில் நிறுத்துப் பாருங்கள். இடையில் யாராவது கூப்பிட்டால், கையில் இருக்கும் உறையிலுள்ளதைக் குப்பியில் கொட்டி, அந்த உறையைத் தலைகீழாக வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். தொடக்க காலத்தில் எல்லா உறைகளையும் நிமிர்த்தி வைத்துத்தான் வரிசையாகக் கொட்டிக்கொண்டு போவேன். ஒரு நாள் நடுவில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து அடுத்த உறை என்று நினைத்த இடத்திலிருந்து தொடர்ந்தேன், ஒன்று விட்டுப்போயிற்று. அந்த வார இறுதியில் சுடும் தளத்தில் நான்காவது தோட்டா 'டப்' என்று சத்தமே இல்லாமல் போனது. கை உதைப்பை உணரவில்லை, இலக்கில் துளையும் இல்லை. கட்டைவிரல் பழக்கத்தில் சுத்தியலைப் பின்னால் இழுக்கத் தொடங்கிவிட்டது, பாதியில் நிறுத்தினேன். குழல்வாயை இலக்குப் பக்கமே நீட்டியபடி அரை நிமிடம் காத்திருந்து, சிலிண்டரைத் திறந்து தோட்டாக்களை எடுத்துவிட்டு, பின்பக்கமிருந்து விளக்கடித்துப் பார்த்தபோது குழலில் வெளிச்சம் தெரியவில்லை. பிரைமரின் வலுவில் மட்டும் போன குண்டு இரண்டு அங்குலத்தில் நின்றிருந்தது. ஐந்தாவது தோட்டாவைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். வீட்டிற்கு வந்து எண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பியை வைத்து மரச் சுத்தியலால் தட்டி அதை வெளியே எடுத்தேன். அந்தப் பெட்டியில் மிஞ்சியிருந்த தோட்டாக்களையும் அன்றே பிரித்தெடுத்தேன்.

அன்றிலிருந்து நான் விட்டுக்கொடுக்காத படி ஒன்று இருக்கிறது. 50 உறைகளிலும் மருந்து கொட்டி முடிந்ததும், விளக்கைப் பலகைக்கு மேலே இழுத்து, எழுந்து நின்று ஒவ்வோர் உறைக்குள்ளும் பார்க்கிறேன். வரிசை வரிசையாக, விரலால் தொட்டுத் தொட்டு. பருமனான மருந்தாக இருந்தால் சாம்பல் நிறத் துகள்கள் எல்லா உறையிலும் ஒரே உயரத்தில் நிற்பது கிணற்று நீர்மட்டம் போலத் தெளிவாகத் தெரியும். ஒன்று பள்ளமாகவோ மேடாகவோ தெரிந்தால் ஆராய்ந்துகொண்டிருக்காமல் குப்பியில் கொட்டிவிட்டு மறுபடி அளப்பேன். பார்த்து முடித்த கையோடு குண்டுகளைப் பொருத்திவிட வேண்டும். மருந்து போட்ட உறைகளை இரவு முழுவதும் திறந்து வைக்கக் கூடாது.

மூன்றாவது டை குண்டை உட்காரவைக்கிறது, உறையின் விளிம்பைக் குண்டிலுள்ள பள்ளத்திற்குள் மடக்கவும் செய்கிறது. இந்த மடிப்பைக் கிரிம்ப் என்பார்கள். இரண்டையும் ஒரே இழுப்பில் செய்யலாம் என்றாலும், முதலில் எல்லாக் குண்டுகளையும் உட்காரவைத்து, டையை மாற்றி அமைத்து, பிறகு தனியாகக் கிரிம்ப் போட்டால் ஈயம் சீவப்படாது, தோட்டாக்கள் ஒரே மாதிரி வரும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கும் உதைப்பில் மற்ற அறைகளிலுள்ள குண்டுகள் முன்னே நழுவி, சிலிண்டர் சுழல முடியாமல் போவதுண்டு. மென்மையான தோட்டாவில் அந்த அபாயம் குறைவுதான். இருந்தாலும் கிரிம்ப் சரியாக இருந்தால் மருந்து ஒரே சீராக எரியும், ஆகவே அதை விட்டுவிடாதீர்கள். முடிந்த தோட்டாவின் மொத்த நீளம் 1.610 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, அட்டவணை குறைவாகச் சொன்னால் அதுவே உங்கள் அளவு. பெட்டியின் மேல் மருந்து, அளவு, குண்டு, பிரைமர், தேதி ஆகியவற்றை உடனே எழுதி ஒட்டுங்கள்.

முதல் சோதனை

முதலில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் நிரப்ப வேண்டாம். சுடும் தளத்தில் வேகம் அளக்கும் குரோனோகிராஃப் கருவியை வைத்துக்கொள்ள முடிந்தால் மிகவும் நல்லது. ஐந்து தோட்டாக்களைச் சுடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழல்வாயைத் தளத்தின் மண்மேட்டுக்குள் அடங்கும்படி மெல்லக் கீழே சாய்த்துப் பிறகு இலக்குக்கு உயர்த்துங்கள், மற்ற ஐந்திற்கு மேலே சாய்த்துப் பிறகு தாழ்த்துங்கள். முதல் வகையில் மருந்து குண்டின் பக்கமும், இரண்டாவதில் பிரைமரின் பக்கமும் குவிந்து கிடக்கும். இரண்டிற்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இருந்தால், வெற்றிடம் அந்த மருந்துக்கு அதிகம் என்று பொருள். அப்போது அளவைக் கூட்டிப் பார்ப்பதைவிட மருந்தை மாற்றுவதே நல்லது.

சுட்ட உறையின் வெளிப்பக்கத்தில் ஒரு பக்கமாகக் கரி வழிந்திருந்தால், உறை விரிந்து அறையை அடைக்கும் அளவிற்கு அழுத்தம் வரவில்லை என்று அறியலாம். அது ஆபத்தின் அறிகுறி அல்ல, ஆனால் அட்டவணையின் எல்லைக்குள் ஒரு கிரெயினில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு கூட்டினால் சுத்தமாக எரியும், இலக்கில் துளைகளும் நெருங்கி வரும். குழலில் ஈயக் கீற்றுகள் தெரிந்தால் மருந்தில் கை வைப்பதற்கு முன் குண்டின் விட்டத்தையும் சிலிண்டர் வாயையும் மறுபடி பொருத்திப் பாருங்கள்.

எந்தத் தோட்டா வழக்கத்தைவிடச் சன்னமாக ஒலித்தாலும் சுடுவதை நிறுத்தி, ரிவால்வரைக் காலியாக்கி, குழலில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் சுடுகிறவர்களின் இரைச்சலில் காது ஏமாந்துவிடக்கூடும், ஆகவே ஒவ்வொரு சூட்டிற்கும் இலக்கில் ஒரு துளை விழுந்ததா என்றும் எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒரு பெட்டியில் ஒரு தோட்டா ஐயத்திற்கு இடமாகிவிட்டால், மீதியைச் சுடாமல் வீட்டிற்கு எடுத்து வந்து, குண்டு பிடுங்கும் சுத்தியலால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளே இருக்கும் மருந்தை நிறுத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும். குண்டும் உறையும் வீணாகாமல் அடுத்த முறைக்கு உதவும், எந்த இடத்தில் கை தவறியது என்பதும் தராசில் தெரிந்துவிடும்.